நான் விழுங்கிய வரி

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் கேட்டார்: "நீங்கள் விசுவாசி. நான் கோயிலுக்கும் போவதில்லை, சர்ச்சுக்கும் போவதில்லை. காலையில் எழுந்து இரவு படுக்கும் வரை உங்களுக்கும் எனக்கும் என்னதான் வித்தியாசம்?" அவர் கேட்டதில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். நானும் பதில் சொன்னேன். கவலை வந்தால் ஜெபிக்கிறேன், நாளையைப் பற்றிய பயம் குறைவு, பொய் சொல்லக் கூசுகிறது, மரணத்தை முற்றுப்புள்ளியாக நினைப்பதில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆனால் அந்தப் பதில் பல்லிடுக்கில் மாட்டிய நார் போலப் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் காரணம், சொன்னதில் பாதி பொய். அவர் என்னைவிடக் குறைவாகக் கவலைப்படுகிறவர். பொய்யும் என்னைவிடக் குறைவாகத்தான் சொல்கிறார். எந்தக் கடவுளுக்கும் பயப்படாமலேயே செலவுக் கணக்கைக் காசு சுத்தமாக எழுதிக் கொடுப்பவர். இரண்டாவது காரணம்தான் பெரியது. விசுவாசம் என் அன்றாடத்துக்குள் உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு நேர்மையான பதில் இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நான்கு வருடமாக நான் ஒரு ஜெபத்தில் ஒரு வரியைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான் அந்தப் பதில்.

அது கர்த்தருடைய ஜெபம், இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம். வீட்டில் இரவு ஜெபத்தின் முடிவில் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். பிறந்ததிலிருந்து சொல்லி வருவதால், மனம் எங்கோ திரிந்தாலும் நாக்கு தானாக ஓடிவிடும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடம் வரும்போது மட்டும் என் வாய் மூடிக்கொள்ளும். இருமுவேன், கண்ணாடியைத் துடைப்பேன். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற இடத்தில் மறுபடி ஏறிக்கொள்வேன், ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவனைப் போல. கூட்டாகச் சொல்லும் ஜெபத்தில் ஒரு வசதி உண்டு: ஒரு குரல் குறைந்தால் யாருக்கும் தெரியாது. நாளுக்கு ஒருமுறை என்று வைத்தாலும் நான்கு வருடத்தில் 1,400 தடவைக்கு மேல்.

காரணம் என் பெரியப்பா மகன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னை மிதிவண்டியில் உட்காரவைத்து ஓட்டப் பழக்கியவர். தொழிலுக்கு வங்கியில் கடன் வாங்கும்போது ஜாமீன் கையெழுத்துக்கு என்னிடம் வந்தார். போட்டேன். எட்டுத் தவணைக்குப் பிறகு அவர் கட்டுவதை நிறுத்திவிட்டார், வங்கி என்னைத் தேடி வந்தது. மொத்தத்தில் என் ஏழு மாதச் சம்பளம் போயிற்று. நேரில் போய்க் கேட்டபோது, "கொஞ்சம் பொறுத்துக்கொள் தம்பி, எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். அதன்பின் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். அடுத்த வருடம் ஒரு கார் வாங்கினார். குடும்பக் கூடுகைகளில் முதல் ஜெபத்தை அவரிடம்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் அவர் அழகாக ஜெபிப்பார். நான் பின்னால் நின்றுகொண்டு, ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

'போல' வந்து உட்காரும் இடம்

நான் வாயை மூடியதற்கு ஒரு வகையில் தமிழும் காரணம். ஆங்கிலத்தில் இந்த ஜெபத்தைச் சொல்கிறவர்களுக்கு முதலில் மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. "எங்களை மன்னியும்" என்று கேட்டு முடித்த பிறகுதான் "நாங்கள் மன்னிப்பதுபோல" என்பது வால் மாதிரி பின்னால் வருகிறது. கிரேக்க மூலத்திலும் அதே வரிசைதான். தமிழில் அந்தச் சலுகை கிடையாது. நம் இலக்கணம் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் உள்ளதையெல்லாம் முதலில் கேட்டு வாங்கிக்கொள்கிற இலக்கணம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று நம் பங்கை முதலில் மேசைமேல் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் கேட்கவே வாய் திறக்கலாம். அந்தப் 'போல' ஒரு சுங்கச்சாவடி. நான் நான்கு வருடம் அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, திருப்பிக்கொண்டு போனேன்.

என் திருட்டுத்தனம் எனக்கு மட்டுமே தோன்றிய புதுமை என்று நினைத்திருந்தேன். ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் காசியன் என்ற துறவி, பாலைவனத் துறவிகளுடன் நடந்த உரையாடல்களை எழுதி வைத்திருக்கிறார். சபையார் எல்லோரும் சேர்ந்து இந்த ஜெபத்தைச் சொல்லும்போது, சிலர் இந்த ஒரு வரியில் மட்டும் மௌனமாகிவிடுகிறார்கள், தங்கள் வாயாலேயே தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில் அப்படிச் செய்கிறார்கள் என்று அதில் வருகிறது. படித்தபோது சிரித்துவிட்டேன். 1,600 வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், எந்தக் கோபத்தோடோ, என் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் காசியன் அந்த ஆட்களைச் சும்மா விடுவதில்லை. கடவுளையே ஏமாற்றப் பார்க்கும் வீண் தந்திரம் என்கிறார். வரியை விட்டுவிட்டால் நிபந்தனை போய்விடுமா என்ன?

இயேசுவும் இந்த இடத்தை லேசில் விடவில்லை. மத்தேயு நற்செய்தியில் ஜெபம் முடிந்த அடுத்த மூச்சிலேயே அவர் திரும்பிப் பார்க்கிற ஒரே விண்ணப்பம் இதுதான். அப்பத்தைப் பற்றியோ சோதனையைப் பற்றியோ விளக்கம் இல்லை. நீங்கள் மன்னித்தால் மன்னிக்கப்படுவீர்கள், மன்னியாதிருந்தால் மன்னிக்கப்படமாட்டீர்கள் என்று இந்த ஒன்றை மட்டும் இரண்டு பக்கமும் புரட்டிச் சொல்கிறார். ஆரம்பகாலச் சபையின் கையேடான டிடாக்கே, இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. மூன்று முறை! யாரோ மனித சுபாவத்தை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

நூறு நாள் கூலி

இந்த நிலையில்தான் வேதபாட வகுப்பில் மத்தேயு 18 என் முறைக்கு வந்தது. மன்னிக்காத ஊழியக்காரனின் உவமை: ராஜாவிடம் பட்ட பெருங்கடன் தள்ளுபடியான ஒருவன், வெளியே வந்ததும் தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனைப் பிடித்துச் சிறையில் போடுகிற கதை. தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. எனவே நல்ல பள்ளிப் பிள்ளையாகப் புள்ளிவிவரங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். இதயத்தைத் தொடாமல் ஒரு வேதபகுதியை நடத்துவதற்குப் புள்ளிவிவரத்தைவிடச் சிறந்த வழி இல்லை.

ராஜாவிடம் அந்த ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. அதாவது 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் ஆண்டுகள் உழைக்க வேண்டும். இயேசுவின் காலத்தில் ஆண்ட ஏரோது அந்திபாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து தந்த ஆண்டு வருவாய் 200 தாலந்துதான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் ஒரு நாட்டின் ஐம்பது வருட வருவாயை ஒரு வேலைக்காரன் கடன்பட்டிருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் சிரித்திருப்பார்கள். பிறகு நான் எல்லாப் பிரசங்கியாரும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "ஆனால் அவனுடைய உடன்வேலைக்காரன் இவனுக்குப் பட்ட கடனோ வெறும் நூறு வெள்ளிப்பணம். ஒன்றுமில்லாத ஒரு சின்னத் தொகை."

பின்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். கொத்தனாராக வேலை செய்து ஓய்ந்தவர், வகுப்பில் அதிகம் பேசாதவர். அவர் கையை உயர்த்தாமலேயே கேட்டார்: "தம்பி, ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி என்று இப்போதுதானே சொன்னீர்கள்? அப்படியானால் இது நூறு நாள் கூலி. நூறு நாள் கூலி சின்னத் தொகையா?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஒப்பிட்டுப் பார்க்கும்போது சின்னது என்றேன். அவர் விடவில்லை. "எனக்கு ஒருவர் நாற்பது நாள் கூலி தராமல் போய்விட்டார். அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாத தொகையை மன்னிக்கச் சொல்வதற்கு ஆண்டவர் எதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்? பெரிய தொகை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்."

வகுப்பு எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை மறுபடி வாசித்தேன். நான்கு வருடமாக என்னைத் தடுத்தது எது என்று அப்போதுதான் பிடிபட்டது. நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம், மன்னிப்பதற்கு முன்னால் எனக்கு நேர்ந்ததைச் சின்னதாக்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தன. பணம்தானே, போனால் போகிறது, சிலுவையை நினைத்துப் பார், உன் வருத்தம் எம்மாத்திரம் என்று. ஏழு மாதச் சம்பளம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. அதைச் சின்னது என்று சொல்ல என் வாய் மறுத்தது. அந்த மறுப்பை நான் மன்னிக்க மறுப்பதாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன். உவமையோ நூறு நாள் கூலியை நூறு நாள் கூலியாகவே விட்டுவைத்திருக்கிறது. யாரும் அங்கே அதைக் குறைத்துப் பேசவில்லை. கடன் கடன்தான். அதைக் கேட்டு வாங்க அவனுக்கு உரிமையும் இருந்தது. அப்புறம்தான் கதை அவனைப் பார்த்து, நீ எங்கிருந்து இப்போது வெளியே வந்தாய் என்று கேட்கிறது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். ராஜாவின் காலில் விழுந்த ஊழியக்காரன் சொல்வது: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." அவனிடம் கடன்பட்டவன் அவன் காலில் விழுந்து சொல்வது: "என்னிடத்தில் பொறுமையாயிரு, எல்லாவற்றையும் உனக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." உமக்கு, உனக்கு. மரியாதை விகுதி ஒன்றைத் தவிர இரண்டும் ஒரே வாக்கியம். தன் வாயிலிருந்து சற்றுமுன் வந்த அதே சொற்கள் இன்னொருவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டும் அவனுக்குக் காது கேட்கவில்லை. எனக்கு அண்ணனின் குரல் கேட்டது: கொஞ்சம் பொறுத்துக்கொள் தம்பி, எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலகப்பார்வை என்றெல்லாம் பெரிய சொற்களைப் போட்டுப் பேசுகிறோம். என் அளவில் அது இவ்வளவுதான்: எந்த வழக்கிலும் என்னை வெறும் கடன்கொடுத்தவனாக மட்டும் நிறுத்திக்கொள்ள இந்த விசுவாசம் இடம் தருவதில்லை. நான் வாதியாக நீதிமன்றத்துக்குள் நுழையும்போது, என் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு அங்கே இருக்கிறது. தள்ளுபடி செய்யப்பட்ட கோப்பு.

மன்னிப்பு என்ற பெயரில்

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. இந்த உவமையை வைத்துக்கொண்டு சபைகளில் நடக்கும் அநியாயத்தை நான் பார்த்திருக்கிறேன். அடிவாங்கிய மனைவியை உட்காரவைத்து, அடித்தவனை மன்னித்துவிடு, பேச்சை இத்தோடு முடித்துவிடு என்று மூப்பர்கள் சமரசம் செய்வார்கள். நெரிக்கப்படுகிறவளின் கழுத்திலேயே வசனத்தையும் மாட்டுகிற வேலை அது. அவர்கள் வசதியாக மறப்பது, அதே மத்தேயு 18-இல் உவமைக்குச் சில வசனங்கள் முன்னால் இருப்பதை. உன் சகோதரன் குற்றம் செய்தால் போய் அவனிடம் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்கிறார் இயேசு. குற்றத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்ன பிறகு வருகிற மன்னிப்பு அது. லூக்கா நற்செய்தியிலும் "அவனைக் கடிந்துகொள்" என்பது முதலில் வருகிறது. ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் 1999-இல் எரித்துக் கொல்லப்பட்டபோது, அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னித்தார். வழக்கு தன் வழியில் நடந்தது. அவருடைய மன்னிப்பு யாருடைய தண்டனையையும் ரத்து செய்யவில்லை, தொழுநோயாளிகளுக்கான பணியைப் பாதியில் விட்டுப் போகாமல் அவரை அங்கேயே இன்னும் சில ஆண்டுகள் இருக்கவைத்தது. என் பண விவகாரத்தை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைத்து எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் பக்கத்தில் நடந்தது அவ்வளவு உயரமானதல்ல. அந்த வகுப்புக்குப் பிறகு உணர்ச்சிவசப்பட்டு அண்ணனுக்கு ஒரு செய்தி எழுதினேன்: "அண்ணா, நான் உங்களை மன்னித்துவிட்டேன்." அனுப்பும் முன் மறுபடி வாசித்தேன். மகா அசிங்கமாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்காதவரிடம் போய் மன்னித்துவிட்டேன் என்பது, பட்டாடை உடுத்திய குற்றச்சாட்டு. நீ குற்றவாளி, நான் பெரியவன் என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். பணத்தில் தோற்றவன் புண்ணியத்தில் ஜெயிக்கப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

'மன்னியும்' என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல்லுக்கு, விட்டுவிடு, கைவிடு என்று பொருள். மீனவர்களான சீமோனும் அந்திரேயாவும் இயேசுவின் பின்னால் வலைகளை விட்டுப் போனார்கள் என்கிற இடத்திலும் அதே சொல்தான். எனக்கு அது உதவியாக இருந்தது. மனதுக்குள் இனிமையான ஓர் உணர்வை உண்டாக்கச் சொன்னால் எனக்கு வராது. கையில் பிடித்திருப்பதை விடு என்றால் எதைப் பிடித்திருக்கிறேன் என்று பார்க்கலாம். ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினேன், எந்தத் தேதியில் அவரை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை, எந்தக் கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். பணத்துக்கான கணக்கு மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டது. மற்றவை பதினொரு பக்கம். அந்தப் பதினொரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்று பக்கத்தை வைத்திருக்கிறேன். கடன் பட்டது உண்மை என்பதால் அதைக் கிழிக்கத் தோன்றவில்லை. இதில் ஏதாவது இறையியல் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

என் கத்தோலிக்க நண்பன் ஒருவனின் பாட்டி, பழைய பாடத்தில் "நாங்கள் பொறுப்பது போல, பொறுத்தருளும்" என்று சொல்வார். மன்னிப்பைவிட இந்தச் சொல்லில் எடை கூடுதல். தள்ளுபடியான கடன் காற்றில் கரைந்துபோவதில்லை. விட்டவன்தான் அந்த நட்டத்தைத் தாங்குகிறான், பொறுக்கிறான். ஏழு மாதச் சம்பளத்தை யாரோ ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். அது நானாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்வதுதான் அந்த வினைச்சொல். சிலுவையைப் பற்றிச் சிறுவயதிலிருந்து பாடமாகக் கேட்டதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு வழியாகத்தான் கொஞ்சம் விளங்கியது. நட்டத்தை யார் சுமப்பது என்பதுதானே அங்கேயும் கேள்வி.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. போகும், வரும். அந்தக் காரைத் தெருவில் பார்க்கும்போது வரும். சீடனான பேதுரு எத்தனைதரம் மன்னிக்க வேண்டும், ஏழுதரமா என்று கேட்டபோது, இயேசு ஏழெழுபதுதரமட்டும் என்றார். 490 வெவ்வேறு குற்றங்களுக்கான கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒரே குற்றத்துக்கே அத்தனை தடவை தேவைப்படும்போலிருக்கிறது.

போன மாதம் அண்ணன் அழைத்தார். நான்கு வருடத்துக்கும் மேலான பிறகு அவராகவே அழைத்தது. நலம் விசாரித்தார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். என் மனம் மெல்ல மேலே எழும்பியது, இதோ பேசப் போகிறார் என்று. பேசினார். புதிதாக ஒரு கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம், ஒரு ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதுவே எனக்கு ஆச்சரியம். "கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி தம்பி, நீ சொல்வதும் நியாயம்தான்" என்றார். அந்த 'நியாயம்தான்' என்பதற்குள் என்ன இருந்தது என்று நான் துருவவில்லை. பெரியம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நடக்க முடியவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னேன், பார்த்தும் வந்தேன். காரில் அவர்தான் என்னை பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார்.

அன்றிரவு வீட்டு ஜெபத்தில் அந்த வரி வந்தது. சொன்னேன். 'கடனாளிகளுக்கு' என்ற இடத்தில் நாக்கு தடுக்கி, மற்றவர்களைவிட அரைச் சொல் பிந்திவிட்டேன். மனைவி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.